மச்சானுக்கு ஆகாத மேல்பூச்சு

போன மாதம் என் மச்சான் வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் ஒரு வார்த்தை விழுந்தது. பூச்சு.

மச்சானுக்குப் போடியில் ஏலக்காய் வியாபாரம். காயில் பச்சை கொஞ்சம் தூக்கலாக இருந்தால் போதும் — ஈரத்துணியில் தேய்த்துப் பார்ப்பார். சாயம் இறங்கினால் மூட்டை அப்படியே திரும்பிவிடும். கொண்டுவந்தவர் சொந்தக்காரராக இருந்தாலும் சரி.

அப்படிப்பட்டவரிடம் மகள் ஜெனிதா சொல்கிறாள், "அப்பா, என் ஆராய்ச்சியே பூச்சுதான்." மதுரையில் ஒரு கல்லூரியில் பிஎச்.டி. பண்ணுகிறாள்.

"எது மேல பூச்சு?"

"சிலிக்கா துகள். மணல்ல இருக்கிறதுதான், கண்ணுக்கே தெரியாத பொடிசு. அது மேல ஒரு பாலிமர்."

"எதுல கலக்க?"

"ரத்தத்துல."

மணல், பூச்சு, ரத்தம்... அப்புறம் மனிதருக்குச் சோறு இறங்குமா?

அவள் மதுரைக்குத் திரும்பியதும் மச்சான் என் வீட்டுக்கு வந்துவிட்டார். "மாப்ளே, கிளம்பு. இவ அங்க என்ன சோலி பாக்குறான்னு நேர்ல பாத்துட்டு வந்துருவோம்."

ரயிலில் அவருக்கு ஒரே கேள்விதான். நல்ல பொருளுக்கு எதற்குப் பூச்சு?

சொல்லாமல் வந்து நின்ற எங்களைப் பார்த்ததும் ஜெனிதாவுக்கு எரிச்சல். ஆனாலும் லேபுக்குள் கூட்டிப் போனாள். இந்தத் துகளில் மருந்தை ஏற்றி உடம்புக்குள் அனுப்பலாம் என்பது யோசனை. ஆனால் வெறும் துகள் ரத்தத்தில் விழுந்தால் புரோட்டீன் வந்து அப்பிக்கொள்ளும். துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, கட்டியாகி, அடியில் தங்கிவிடும்.

"இந்தப் பாலிமர்ல பிளஸ் சார்ஜும் மைனஸ் சார்ஜும் பக்கத்துப் பக்கத்துல இருக்கும்ப்பா. கூட்டினா சைபர். ஆனா தன்னைச் சுத்தித் தண்ணியை இறுக்கிப் பிடிச்சு வச்சுக்கிடும். அதைத் தாண்டிப் புரோட்டீன் ஒட்டாது."

"சரி... யாரு ரத்தம்?"

"மாட்டு ரத்தத்துல பிரிச்ச சீரம்ப்பா. விலைக்கு வாங்குறது."

இரண்டு குழாய்களைக் காட்டினாள். பூச்சு இல்லாத துகள் போட்டது கலங்கி, அடியில் படிந்திருந்தது. பூச்சு உள்ளது — பளிங்கு மாதிரித் தெளிவு. காலையில் அதைப் பார்த்த பேராசிரியர், கருத்தரங்குக்குத் தயாராகச் சொல்லிவிட்டாராம்.

மச்சான் முகம் மலர்ந்தது. போட்டோ எடுக்க போனை வெளியே எடுத்துவிட்டார்.

ஜெனிதா முகம்தான் சரியில்லை. "ரொம்பத் தெளிவா இருக்கு மாமா," என்றாள் என்னிடம்.

"அதுதானே வேணும்?"

"துகள் இருந்தா லேசா மங்கலாவாவது தெரியணும்."

துகளுக்குள் ஒளிரும் சாயம் வைத்திருக்கிறாளாம். சாயம் என்றதும் மச்சான் நிமிர்ந்தார். அவள் லைட்டை அணைத்துவிட்டு நீல விளக்கைக் காட்டினாள். கலங்கிய குழாயின் அடியில் பச்சையாக ஒளிர்ந்தது. தெளிவான குழாயில்... இருட்டு.

பூச்சு ஏற்றிய பிறகு கழுவியதில் துகள் மொத்தமும் போயிருக்கிறது. உள்ளே ஒன்றும் இல்லை, அதனால்தான் அவ்வளவு தெளிவு.

மச்சான் மெதுவாகச் சொன்னார், "சாரே சரின்னுட்டாருல்ல ஆத்தா... அப்படியே விட்டா யாருக்குத் தெரியப்போகுது?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூட்டையைத் திருப்பி அனுப்புகிற மனிதரா இது?

"அப்பா, நீங்களா இப்படிச் சொல்றீங்க?" என்று மட்டும் கேட்டாள். குழாயை எடுத்துக்கொண்டு நேரே பேராசிரியர் அறைக்குப் போனாள். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. கருத்தரங்கு கிடையாது. முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

திரும்பும்போது ரயில் உசிலம்பட்டியைத் தாண்டியது. மச்சான் கேட்டார், "நான் ஏன் மாப்ளே அப்படிச் சொன்னேன்?"

என் மகளாக இருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன் — இதை எப்படி அவரிடம் சொல்வது?

போன வாரம் ஜெனிதா போன் செய்தாள். புதிதாகச் செய்து பார்த்திருக்கிறாள். "லேசா மங்கலாத்தான் இருக்கு மாமா. ஆனா ஒளிருது. இதுவரைக்கும் அடியில தங்கலை." குரலில் சந்தோஷம் கொஞ்சம்தான். இன்னும் சில தடவை செய்து பார்த்த பிறகுதான் பேராசிரியரிடம் காட்டுவாளாம்.

அடுத்தவர் சரக்கைச் சந்தேகப்படுவது பெரிய காரியமே இல்லை... நம் வீட்டு நல்ல செய்தியைச் சந்தேகப்படத்தான் தைரியம் வேண்டும்.