மூன்று நாள் முட்டைகள்

இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தில் மரங்களை வெட்டிச் சாலையில் போட்டிருந்த நாட்கள். எலவனாசூர்கோட்டையைத் தாண்டியதும் எங்கள் பஸ்ஸுக்கு முன்னும் மரம், பின்னும் மரம். அவை நெடுஞ்சாலைத் துறையின் சொத்து, மதிப்பிட்டு ஏலம் விட்ட பிறகே அகற்ற முடியும் என்று பக்கத்து இருக்கைக்காரரிடம் விளக்கினேன். அவர் காதில் வாங்கவில்லை.

ஒல்லியான விலங்கியல் வாத்தியார் அவர். சட்டைக்குள், வயிற்றோடு ஒட்டி, துணியில் சுற்றிய பன்னிரண்டு முட்டைகள் இருந்தன. கடிகாரத்தைப் பார்த்து அவற்றை ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னா சார், அடகாக்கறீங்களா?" என்றாள் முன்சீட்டுப் பெண். பஸ் முழுக்கச் சிரித்தது.

"ஆமாம்மா. மூணு நாள் அடகாத்த முட்டை. உள்ள இருக்கற குஞ்சுக்கு எலும்பும் தசைநாரும் கால் மொளைக்கிற எடத்துலயே உண்டாயிடும். தசை மட்டும் முதுகுப் பக்கத்துலருந்து நகந்து வரணும். இப்பதான் வந்துக்கினு இருக்கும். சூடு கம்மியானா பாதி வழியில நின்னுடும்."

"கெளம்புன்னு அதுக்கு யாரு சார் சொல்றது?"

"ஏதோ ஒரு ஜீனு. எதுன்னு இன்னும் தெரியலம்மா."

உத்தரவு போட்டது யாரென்றே தெரியாத ஒரு பயணம் எனக்குப் பிடிக்கவில்லை.

துணியைத் தொட்டுப் பார்த்தவர் சட்டென்று எழுந்தார். "கள்ளக்குறிச்சியில பல்பு போட்ட பெட்டி வெச்சிருக்கேன். நடந்தா நாலு மணி நேரம்."

"இறங்கினால் டிக்கெட் செல்லாது" என்று எச்சரித்தேன்.

வயிற்றை ஒரு கையால் தாங்கியபடி மரத்தின் மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கினார்.

அந்தத் தசைகள் போய்ச் சேர்ந்தனவா என்று இன்றும் தெரியவில்லை. நான் மட்டும் செல்லுபடியாகும் டிக்கெட்டோடு மறுநாள் மதியம்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.