சோமசெட்டின் துள்ளலை அடக்கிய கதை

கார் திருத்தும் தொழிலில் பாதி நேரம் மல்லாந்து படுத்துக் கிடப்பதுதான் வேலை. பகற்கனவு காண்கிறவனுக்கு இதைவிடத் தோதான தொழில் இன்னொன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. நெல்லியடியில் என் கராஜ் இருந்தது. தொண்ணூறுகளின் தொடக்கம். பெற்றோல் வராது, உதிரிப்பாகம் வராது, ஒரு பற்றரிகூட வராது. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. ஸ்ராட் எடுக்க மட்டும் காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விடுவோம், கண்ணுக்கு மருந்து விடுவதுபோல.

அந்தக் காலத்து வாடகைக் கார்களின் பின்சீற்றில் இருந்து தலையைக் கூரையில் இடித்துக்கொண்டவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். நானும் உங்கள் கட்சிதான். அதனால்தானோ என்னவோ, காரின் கீழே படுத்தபடி, சில்லுகள் நிலத்தில் படாமல் போகிற ஒரு காரை நான் நினைத்துக்கொண்டிருப்பேன். யாராவது வந்து என் காலைத் தட்டும்வரை அந்தக் கார் ஓடிக்கொண்டே இருக்கும்.

குழி கேட்டு வராது

ஓர் ஆவணி மாதத்தில் என் காலைத் தட்டியவர் புத்தூர் தியாகு அண்ணை. வாடகைக்கு ஓடுகிற பழைய சோமசெட் கார் அவருடையது. பச்சை நிறம், குண்டு உடம்பு, பார்க்கப் பெரிய வீட்டுப் பிள்ளை மாதிரி இருக்கும். ஆனால் முன்பக்கம் சரியில்லை. சின்னக் குழியில் விழுந்தாலும் நாலைந்து தரம் துள்ளித்தான் அடங்கும். வளைவில் ஸ்டியரிங்கை ஒரு பக்கம் திருப்பினால், யோசித்துவிட்டுத்தான் திரும்பும்.

“முன்பக்கத்தை முழுக்கப் பிரிச்சுச் செய்யவேணும் தம்பி” என்றார். இப்படியே பல காலம் ஓடிய மனிதருக்கு இப்போது என்ன அவசரம் என்று கேட்டேன். அண்ணை என்னைப் பார்க்காமல், பொனற்றைத் தடவிக்கொண்டே சொன்னார். மனைவி யோகத்துக்கு நாலாம் மாதம். இதற்கு முதல் இரண்டு முறை தங்கவில்லை. இந்த முறை உடம்பு குலுங்கவே கூடாது, பிள்ளைப்பேறு யாழ்ப்பாணத்துப் பெரியாஸ்பத்திரியில்தான் நடக்கவேண்டும் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். புத்தூரில் இருந்து யாழ்ப்பாணம் போகிற ரோட்டு அப்போது இருந்த இருப்பு உங்களுக்குத் தெரியும். ஷெல் விழுந்த பள்ளம், மழை தோண்டிய பள்ளம், ஆளுக்கொரு பங்கு.

“அண்ணை, அண்டைக்கு மட்டும் மெல்லமா ஓடினால் போதாதோ?” என்று கேட்டேன்.

“நான் மெல்லமா ஓடலாம் தம்பி. குழி மெல்லமா வராதே!”

மாமனாரின் பாக்கு உலக்கை

முன்சில்லைக் கழற்றிப் பார்த்தேன். சில்லு திரும்புகிற அச்சாணி, கிங்பின் என்போம், அதைச் சுற்றியிருக்கும் பித்தளை வளையங்கள் தேய்ந்து, கிழவரின் பல்லைப்போல ஆடின. கார் யோசித்துத் திரும்பியதன் காரணம் அதுதான். சில்லைத் தாங்கும் கீழ்க்கையில் இருந்த இறப்பரெல்லாம் பொடியாகக் கொட்டியது. இறப்பருக்கு வழி உண்டு. லொறி ரயரை வெட்டிச் செய்துவிடலாம். கட்டிப் பித்தளைக்கு எங்கே போவது? கடைகளில் பித்தளை என்று வாயால் சொல்லத்தான் முடிந்தது.

அடுத்த நாள் தியாகு அண்ணை ஒரு பொட்டலத்தோடு வந்தார். யோகத்தின் தகப்பன், வெற்றிலை இடிக்கிற பித்தளை உலக்கையைக் கொடுத்தனுப்பியிருந்தார். நல்ல கட்டி. கையில் வைத்து எடை பார்த்தேன். எத்தனை வருடம் பாக்கை நசுக்கிய சாமான், இனி மகளைத் தாங்கப்போகிறது என்று நினைக்க ஒரு மாதிரியாக இருந்தது. லேத்தில் கடைந்து எடுத்தபோது அதில் இருந்து மெல்லிய வெற்றிலை மணம் வந்தது. நான் கற்பனை செய்தேன் என்று என் மனைவி சொல்கிறாள், இருக்கலாம்.

வேலை முடிந்ததைப் பார்க்க மாமனாரே வந்தார். கன்னத்துக் கொடுப்பில் வெற்றிலையை இடிக்காமல் முழுசாக வைத்து மென்றபடி, சில்லுக்குள் குனிந்து தன் உலக்கையைத் தேடினார். வளையங்களைக் காட்டினேன். தலையை ஆட்டினார்.

“வடிவாச் செய்திருக்கிறீர். பேரப்பிள்ளை பிறந்த அடுத்த நாள் கழட்டித் தந்திடும், என்ன?”

வல்லை வெளி

மிச்சம் இருந்தது துள்ளல். சொக் என்று நாங்கள் சொல்வது முன்சில்லுக்கு மேலே இருக்கும் சின்ன இரும்புப் பெட்டி. உள்ளே எண்ணெய் இருக்கும். சில்லு துள்ளும்போது அந்த எண்ணெய் சிறு துவாரங்களால் நெருக்குப்பட்டு ஓட, துள்ளல் அடங்கும். அண்ணையின் காரில் பெட்டி இருந்தது, எண்ணெய் எப்போதோ ஒழுகிப் போய்விட்டது. ஒழுக்கை அடைத்தேன். அதற்குரிய எண்ணெய் ஊரில் இல்லை. எங்களிடம் குறைவில்லாமல் இருந்தது தேங்காய். அப்போதுதான் ஆட்டிய தேங்காயெண்ணெயை வடித்து, சொக் இரண்டையும் நிரப்பினேன்.

பின்னேரம் வெள்ளோட்டம் விட்டோம். பின்சீற்றில் அளவெட்டி நாதஸ்வர வித்துவான் ஒருவர் இருந்தார். எங்கள் பக்கத்துக் கோயில் திருவிழாவில் வாசித்துவிட்டுத் திரும்புகிறவர், அண்ணையின் நெடுநாள் வாடிக்கை. வல்லை வெளிக்கு வந்தோம். இரண்டு பக்கமும் தண்ணீர், மேலே மேகம், இடையில் ஒரு கீறலாக ரோட்டு. காற்று காரைத் தள்ளப் பார்த்தது, கார் அசையவில்லை. வளைவில் சொன்ன சொல் கேட்டுத் திரும்பியது. பள்ளங்களில் மெதுவாகக் குனிந்து, மெதுவாக நிமிர்ந்தது. எனக்குக் கண்கள் தாமாக மூடிக்கொண்டன. நான் காரின் கீழே படுத்துக் கண்ட அந்தக் காரில் நானே இருந்து போய்க்கொண்டிருந்தேன். அப்போது எனக்கு வந்த சந்தோஷத்தை ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை.

புத்தூரில் தேத்தண்ணிக்கு இறங்கியபோது வித்துவான் காரின் முன்பக்கத்தைச் சுற்றிப் பார்த்தார்.

“முந்தி உந்தக் கார் தனியாவர்த்தனம் எல்லே வாசிக்கும்! இண்டைக்கு ஆலாபனை மாதிரி வந்துது.”

மார்கழிக் காலை

மார்கழி பிறந்தது. ஒரு நாள் விடியக் கோயிலுக்கு ஆட்களை ஏற்றிப்போன தியாகு அண்ணை, சைக்கிளில் விழுந்தடித்துக்கொண்டு என்னிடம் வந்தார். சொக் இறுகிக் கட்டையாகிவிட்டதாம், கார் மாட்டுவண்டியை விட மோசமாம். நான் மத்தியானம் போய் ஓட்டிப் பார்த்தேன். ஆலாபனைதான். அடுத்த நாள் காலையிலும் அதே முறைப்பாடு, மத்தியானம் அதே ஆலாபனை. பனிக்குள் வந்து பனிக்குள் போகிற பேய் ஏதோ காருக்குள் இருப்பதாக அண்ணை நம்பத் தொடங்கிவிட்டார். நானும் பாதி நம்பினேன்.

யோகத்துக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. தை மாதக் காலையும் குளிர்தான். வலி எந்த நேரம் வரும் என்று யார் கண்டார்? “விடியப்புறம் வந்தால் என்ன செய்யிறது தம்பி?” என்று அண்ணை கேட்டார். வீட்டுக்கு வந்து குசினி வாசலில் குந்தினேன். என் மனைவி தலைக்கு வைக்கிற தேங்காயெண்ணெய்ப் போத்தலை வெயில் படுகிற படியில் வைத்துக்கொண்டிருந்தாள். போத்தலுக்குள் எண்ணெய் வெள்ளை வெளேரென்று உறைந்து கிடந்தது. மார்கழி பிறந்தால் எங்கள் ஊரில் எல்லா வீட்டுப் படியிலும் அப்படி ஒரு போத்தல் வெயில் காயும். பிறந்த நாள் முதல் பார்த்துவந்த காட்சி. பார்த்தபடி வாயைப் பிளந்துகொண்டு இருந்தேன்.

சொக்குக்குள் நான் விட்டதும் இதே எண்ணெய்தான் என்று சொன்னதும் அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

“போத்தில் எண்டபடியால் படியிலை வைச்சன். உங்கடை காரை எந்தப் படியிலை வைக்கப்போறியள்?”

வீடு வீடாக

உறையாத எண்ணெய் எது என்று அவளே சொன்னாள்: ஆமணக்கெண்ணெய். தனியே விட்டால் தடிப்பு அதிகம் என்பதால் கொஞ்சம் நல்லெண்ணெய் கலக்க வேண்டியிருந்தது. நல்லெண்ணெய் செக்கில் கிடைத்தது. ஆமணக்கெண்ணெய் கடையில் இல்லை. ஆனால் பிள்ளைகளின் வயிறு கழுவ வீட்டுக்கு வீடு ஒரு சின்னப் போத்தல் ஒளித்து வைத்திருப்பார்கள், பிள்ளைகள் கண்டால் ஓடிவிடுவார்கள் என்பதற்காக.

நானும் அண்ணையும் புத்தூரில் படலை படலையாக ஏறி இறங்கினோம். யோகத்துக்காக என்றதும் ஒருவரும் இல்லையென்று சொல்லவில்லை. வெங்காயத் தோட்டத்தில் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறிக்கொண்டிருந்த ஒரு பெண், மண்வெட்டியைப் போட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடி, அரைப் போத்தலை எடுத்துவந்து தந்தார். கை நிறையச் சின்னச் சின்னப் போத்தல்களோடு நாங்கள் நிற்பதை ஏற இறங்கப் பார்த்தார்.

“அண்ணை, காருக்கு எத்தனை நாளா வெளிக்குப் போகேல்லை?”

பெரியாஸ்பத்திரி வாசல்

தை மாதம், பனி விலகாத ஒரு காலையில்தான் யோகத்துக்கு வலி கண்டது. வழியில் ஏதாவது கழன்றால் நான் பக்கத்தில் இருக்கவேண்டும் என்பதற்காக நாள் நெருங்கியதுமே என்னைக் கூட்டிவந்து வீட்டில் வைத்திருந்தார் அண்ணை. அவர் ஓட்டினார், நான் முன்னால், யோகமும் தகப்பனும் பின்னால். ரோட்டு வெள்ளையாக இருந்தது. பள்ளங்கள் பனிக்குள் இருந்து ஒவ்வொன்றாக வெளியே வந்தன. உறையாத எண்ணெய் ஏற்றிய கார் ஒவ்வொன்றுக்கும் குனிந்து நிமிர்ந்து, தன்பாட்டில் போனது. முதலில் பின்னால் முனகல் கேட்டது. கோப்பாய் தாண்டியதும் அதுவும் நின்றுவிட்டது.

திரும்பிப் பார்க்க அண்ணைக்குத் துணிவு வரவில்லை. “தம்பி, நீ ஒருக்காப் பார்” என்றார், கேட்டும் கேட்காத குரலில். நான் திரும்பினேன். யோகம் தகப்பனின் தோளில் சாய்ந்து, வாய் கொஞ்சம் திறந்தபடி, நல்ல நித்திரை. வலிக்கும் வலிக்கும் இடையில் வந்த நித்திரை. தகப்பன் என்னைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தார். “நித்திரை அண்ணை” என்றேன். கண்ணைத் துடைக்கக் கையை எடுத்தால் கார் குலுங்கிவிடும் என்று பயந்தாரோ என்னவோ, கண்ணீர் தன்பாட்டுக்கு வழிய ஓட்டிக்கொண்டே போனார்.

பெரியாஸ்பத்திரி வாசலில் கார் நின்றது. நான் இறங்கிப் பின்கதவைத் திறந்தேன். யோகம் கண்ணை விழித்து, எங்கே இருக்கிறோம் என்று விளங்காமல், முன்னால் இருந்த புருஷனைக் கூப்பிட்டாள்.

“என்னப்பா, ஏன் நிப்பாட்டிப்போட்டியள்? இன்னும் கொஞ்சத் தூரம் ஓடுங்கோவன்.”

அன்று பின்னேரம் பெண்குழந்தை பிறந்தது, தாயும் பிள்ளையும் சுகம். நான் திருத்திய கார்களில் ஏறியவர்கள் எல்லோரும் எப்போது இறங்கலாம் என்றுதான் கேட்டிருக்கிறார்கள், இறங்க மனமில்லாமல் இருந்தவள் வலியோடு வந்த யோகம் ஒருத்திதான்.