பஸ்ஸில் மட்டும் கேட்கும் காது

அண்ணன் செவிடாக நடிக்கிறான் என்பதை முதலில் கண்டுபிடித்தவள் நான்தான். எனக்கு ஒன்பது வயது, அவனுக்குப் பதினைந்து. அப்பாவுக்கு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை என்பதால் செகந்திராபாத் பக்கம் ஏ.எஸ்.ராவ் நகரில் குடியிருந்தோம்.

அண்ணனுக்குப் பிறவியிலேயே எலும்பு பலவீனம். தடுக்கி விழுந்தால் மாவுக்கட்டுதான். கண்ணின் வெள்ளைகூட லேசாக நீலம் பாய்ந்திருக்கும். அம்மா வழியில் வந்த நோய் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் வீட்டில் அவனை யாரும் அடிக்க மாட்டார்கள். அவன் பங்கும் சேர்த்து எனக்கே விழும். இந்த நியாயம் எனக்குப் பிடிக்கவே இல்லை.

அந்த வருடம் அவனுக்குக் காதும் மந்தமாகிறது என்றார்கள். அம்மா அடுக்களையிலிருந்து, "ஏல, கருவேப்பிலை வாங்கிட்டு வா" என்று கூப்பிட்டால் அசைய மாட்டான். அவனாகப் பேசினாலும் முணுமுணுப்புதான்; செவிடர்கள் கத்தித்தானே பேசுவார்கள்? சந்தேகப்பட இதைவிட என்ன வேண்டும்?

போலீஸ்காரி மாதிரி அவனைக் கண்காணிக்கத் தொடங்கினேன். வீட்டில் பின்னால் நின்று பெயரைச் சொன்னால் திரும்பவில்லை. ஆனால் பள்ளிக்கூடம் போகும் ஓட்டை பஸ்ஸில், இன்ஜின் இரைச்சலில் எங்களுக்கே ஒன்றும் கேட்காதபோது, பின்சீட்டுப் பையன்களின் ஜோக்குக்கெல்லாம் அவன் சிரித்தான். கையும் களவுமாகப் பிடித்துவிட்ட சந்தோஷம் எனக்கு.

காது டாக்டரிடம் காட்டச் சொல்லி டிஸ்பென்சரியில் சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார்கள். புதன்கிழமை போக வேண்டும். ஞாயிறன்று செகந்திராபாத் சர்ச்சுக்குக் கிளம்பும்போது அப்பாவிடம் எல்லாவற்றையும் போட்டுக்கொடுத்தேன். பஸ்ஸில் அப்பா வேண்டுமென்றே அண்ணனுக்குப் பின்னால் உட்கார்ந்தார்.

"ஏல, ஆராதனை முடிஞ்சதும் ஐஸ்கிரீம் திங்கியா?"

"ஹவ்ப்பா!" என்று அந்த ஊர் உருதுவில் ஆமாம் போட்டான் அண்ணன், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

அப்பாவின் முகம் சுண்டிவிட்டது. ஐஸ்கிரீம் யாருக்கும் கிடைக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் சீட்டைக் கிழித்துப் போட்டார். "அடிக்க மாட்டாங்கன்னு ஏமாத்துதியால?" என்று கத்தினார். அந்தக் கத்தல் அவனுக்கு நன்றாகவே கேட்டது. அதையும் நான் சாட்சியாகச் சேர்த்துக்கொண்டேன்.

சாயங்காலம் அண்ணன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "பஸ்ல எல்லாரும் நல்லாத்தான் பேசுதீங்க. வீட்டுக்கு வந்தா மட்டும் கைக்கு, ஏன் ரகசியம் பேசுதீங்க? என்னையப் பத்தியா?" என்று கேட்டான். கண் கலங்கியிருந்தது. என்ன நடிப்பு என்று நினைத்துக்கொண்டு எழுந்து போனேன்.

இரண்டு வருடம் கழித்து, அவன் காதில் மிச்சமிருந்ததும் மங்கிய பிறகு, ஒரு டாக்டர் எங்களுக்கு விளக்கினார். இந்த நோயில் காதுக்குள் இருக்கும் சின்ன எலும்புகளும் கெட்டுப்போகுமாம். இன்ஜின் இரைச்சல் அவனுக்கு அவ்வளவாக எட்டாது, ஆனால் அந்த இரைச்சலில் எல்லோரும் குரலை உயர்த்திப் பேசுவதால் அங்கேதான் அவனுக்கு நன்றாகக் கேட்குமாம். தன் குரல் மட்டும் தலைக்குள் பலமாகக் கேட்பதால்தான் முணுமுணுத்தானாம். ஒன்பது வயதில் எனக்கு அது தெரியாது. நான் அவனைச் சந்தேகப்பட்ட அந்த மாதங்கள் முழுக்க, அவனும் எங்கள் எல்லோரையும் சந்தேகப்பட்டுக்கொண்டு அதே வீட்டில் தனியாக இருந்தான் என்பதும் தெரியாது.