கண்டாவளைக் கமக்காரருக்குக் காது கொடுக்கப் பழக்கியது

சனத்துக்காக மேடையேறித் தொண்டை வற்றக் கத்திய காலத்தில் எனக்கு ஒரு தேநீர்கூடக் கிடைக்கவில்லை. இப்போது அதே சனத்தை ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்கப் பழக்குகிறேன், ஒரு தொண்டு நிறுவனத்தில் சம்பளம் தருகிறார்கள். பட்டறை என்ற பெயரில் எங்கோ ஒரு மண்டபத்தில் பந்து எறிந்து பெயர் சொன்ன உங்களுக்கு என் நிலைமை புரியும்.

கண்டாவளைப் பக்கம் நெல் விதைக்கும் கமக்காரரின் அமைப்பு ஒன்று. மேல்வாய்க்கால்காரரும் கடைசி வாய்க்கால்காரரும் முகம் பார்ப்பதில்லை. மேலே தண்ணீர் வழிகிறது. கீழே கதிர் வரும் நேரத்தில் பயிர் வாடுகிறது. அந்தக் கிழமைக்குள் யாருக்கு எப்போது தண்ணீர் என்று முறை பேசி முடிக்காவிட்டால் கீழே அறுவடை இல்லை. என்னை அனுப்பினார்கள்.

வட்டம்

எல்லோரும் சமம் என்று காட்டக் கதிரைகளை வட்டமாகப் போட்டேன். தலைவர் செல்லத்துரை, மேல்வாய்க்கால்காரர், வாசலிலேயே நின்றுவிட்டார்.

"கூட்டமெண்டால் முன்னுக்கு ஒரு மேசை வேணும் ஐயா. இல்லாட்டி ஆரைப் பாத்து ஏசுறது?"

திருப்பிச் சொல்லுதல்

ஒருவர் சொன்னதை மற்றவர் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும், பதில் சொல்லக்கூடாது. கடைசி வாய்க்கால்காரி பாக்கியம் எழுந்து, "எங்கட முறைத் தண்ணியைத் தலைவர் மறிக்கிறார்" என்றார். செல்லத்துரை, "நான் மறிக்கிறனாம், பொய்" என்றார். 'பொய்' அவர் சொல்லவில்லை என்றேன். "மறிக்கிறனாம், ஆனா..." 'ஆனா'வும் சொல்லவில்லை என்றேன். கடைசியில் "நான் தண்ணியை மறிக்கிறன்" என்று மண்டபம் முழுக்கக் கேட்கச் சொல்லிவிட்டு என்னை முறைத்தார்.

"இது பயிற்சியோ, பொலிஸ் விசாரணையோ?"

கண்கட்டு

நம்பிக்கை வளர, ஒருவரின் கண்ணைக் கட்டி மற்றவர் கூட்டிப்போக வேண்டும். மண்டபத்தைச் சுற்றி வரச் சொன்னேன். பாக்கியமோ கண்கட்டிய செல்லத்துரையின் கையைப் பிடித்து வாசலைத் தாண்டினார், வரம்பில் ஏற்றினார், தன் வயலில் இறக்கினார். பின்னால் ஓடிப் போனேன். வெடித்த நிலத்தில் செல்லத்துரையின் வெறுங்கால் தடவித் தடவி நின்றது. அவர் கண்கட்டை அவிழ்க்கக் கையைத் தூக்கினார்.

"பொறுங்கோ அண்ணை. முதல் காலால பாருங்கோ."

நிறைவுரை

மண்டபத்துக்குத் திரும்பியதும் எனக்குப் பழைய மேடை உஷார் வந்துவிட்டது. அதிகார வர்க்கம் எப்படி உழவனை உழவனோடு மோதவிடுகிறது என்று விளக்கத் தொடங்கினேன். ஒவ்வொருவராக எழும்பிப் போனார்கள். எத்தனையோ வெளிநடப்புகளை நடத்தியவன் நான். எனக்கெதிராக ஒன்றை அன்றுதான் பார்த்தேன். கடைசியாக எழும்பிய செல்லத்துரை வாசலில் மண்வெட்டியோடு திரும்பினார்.

"நீங்கள் கதைச்சுக்கொண்டிருங்கோ ஐயா. பாக்கியம் வாய்க்காலில பாத்துக்கொண்டு நிக்கிறா, நான் தண்ணியைக் கீழ திருப்பிப்போட்டு வாறன்."

ஒருவரையொருவர் கேட்க அந்தச் சனத்தைப் பழக்கியவன் நானேதான், என்னைக் கேட்பதை அவர்கள் நிறுத்திய பிறகுதான் அது பலித்தது என்றாலும்.