அப்பாவின் பிரஜாவுரிமைப் பத்திரம்

பக்கத்து வீட்டில் பழைய காகிதங்களை எரிக்கிறார்கள். இலங்கையில் எண்பத்து மூன்றாம் வருஷக் கலவரத்தில் எங்கள் மஸ்கெலியா வீட்டு அடுப்பிலும் இதே வாசம்தான்.

தமிழர் கடைகளை எரித்த கும்பல் எங்கள் தெருவுக்குள் நுழைந்துவிட்டது. பக்கத்து வீட்டுச் சிங்களப் பெண் சோமா அக்கா ஓடி வந்தார். "இது என் தம்பி வீடுன்னு சொல்றேன். உள்ள வந்து பாப்பாங்க. தமிழ்ப் பேரு உள்ளது ஒன்னும் இருக்கக் கூடாது."

அம்மா பொட்டை அழித்தார். தகரப்பெட்டியிலிருந்த சாமிப் படங்கள், என் பள்ளிக்கூட ரிப்போர்ட், எல்லாம் அடுப்புக்குள் போயின. கடைசியாக எடுத்தது அப்பாவின் பிரஜாவுரிமைப் பத்திரம். இந்தியாவிலிருந்து வந்த வம்சம் என்று பிரஜாவுரிமை மறுக்கப்பட்டிருந்த அவர், அதற்காகப் பல வருஷம் அரசாங்கக் கந்தோருக்கு அலைந்திருந்தார்.

"அது அப்பாவோடதும்மா," என்றேன்.

"உசுரோட இருந்தா வேற வாங்கிக்கலாம்," என்று அம்மா அதையும் போட்டார்.

சோமா அக்காவை நம்பிக் கும்பல் போய்விட்டது. தான் வேலை பார்த்த சிங்களவரின் தையல் கடையில் ஒளிந்திருந்த அப்பா மறுநாள் வந்து காலிப் பெட்டியைப் பார்த்தார். "நல்லதுதான் செஞ்ச," என்றார். அம்மா அப்போதுதான் அழுதார்.

அப்பா மறுபடியும் கந்தோருக்கு அலைந்தார். பதிவே இல்லை என்றார்கள். நாடற்றவராகவே இறந்துபோனார். அவருடைய மரணப் பத்திரத்தைக் கேட்ட அன்றே தந்தார்கள். அம்மா கை நீட்டவில்லை. நான்தான் வாங்கினேன்.