மாசிலாமணியின் நெஞ்சுப் படம்

செகந்தராபாத் ரயில்வே பட்டறையில் இருபது வருடம் கொதிகலன் வேலை பார்த்தவர் மாசிலாமணி. 1938இல் இருமலோடு ரத்தம் வந்தது. ரயில்வே டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

"பெரிய ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுத்து, அவங்க படத்தோட ரிப்போர்ட்டையும் வச்சுத் தர்ற கவரை என்கிட்ட கொண்டா. அதைப் பாத்துத்தான் சானடோரியத்துக்கு எழுதணும்."

படம் எடுத்தாயிற்று. ஆனால் பட்டறைக்காரன் கைக்கு எந்தக் காகிதம் வந்தாலும் முதலில் ஃபோர்மேனிடம்தான் நீட்டுவான். அந்தப் பாழாய்ப்போன பழக்கத்தில் கவரையும் நீட்டினார். பிரித்துப் படித்த ஃபோர்மேன், காசநோய் என்றதும் அன்றே அவரை வேலையிலிருந்து நிறுத்தினார். கவர் மேஜைக்குள் போய்விட்டது. வேலை போனவனை ரயில்வே டாக்டர் பார்ப்பாரா என்று மாசிலாமணி வீட்டிலேயே படுத்துக்கொண்டார்.

மூன்று மாதம் கழித்துச் சாவுச் சான்று கேட்டு வந்தாள் அவர் மனைவி குப்பம்மாள். டாக்டர் திகைத்தார்.

"அவர் திரும்பி வரலையேம்மா. ஒண்ணுமில்லைன்னு நெனச்சுட்டேன்."