நீடாமங்கலம் கேட்டில் படுத்துக்கொண்ட புல்லட்

போன மாசம் கும்பகோணத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் சாப்பிட்டு, தாம்பூலப் பையை வாங்கிக்கொண்டு, நானும் எங்கள் வீட்டுக்காரரும் புல்லட்டில் ஊர் திரும்பிக்கொண்டிருந்தோம். நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் மூடியிருந்தது.

அது எப்போதுதான் திறந்திருந்தது என்று கேட்கிறீர்களா? நியாயமான கேள்வி. ஒரு ரயில் வரும், ஒரு ரயில் போகும், அப்புறம் ஒரு இன்ஜின் மட்டும் தனியாக வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். அந்த கேட்டில் நின்றபடியே பிள்ளைக்குப் பெண் பேசி முடித்தவர்கள் எங்கள் பக்கத்தில் உண்டு.

எல்லோரையும் போல ஓரமாக முன்னே போய் நிற்கலாம் என்று இவரும் வண்டியை ரோட்டை விட்டு இறக்கினார். இடது காலை ஊன்றினார். அங்கே ஜல்லி. கால் சறுக்கியது. புல்லட் மெள்ள... மெள்ள... குளத்தில் எருமை படுப்பது போல, அவசரமே இல்லாமல் இடப்பக்கம் படுத்துவிட்டது.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் ஒருபக்கமாக உட்காருகிறவள். வண்டி சாயும்போதே கால் தரையைத் தொட்டுவிட்டது. பஸ்ஸிலிருந்து இறங்குவது போல இறங்கி, தள்ளிப் போய் நின்றுகொண்டேன். கையில் இருந்த தாம்பூலப் பைகூடக் கசங்கவில்லை.

இவருக்கு முழங்காலில் சிராய்ப்பு. அதைத் தட்டிவிட்டுக்கொண்டு குனிந்து வண்டியைத் தூக்கினார். அது அசையவில்லை. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு மறுபடி தூக்கினார். ஊஹூம்.

பக்கத்தில் பைக்கில் நின்ற இரண்டு பையன்கள் ஓடி வந்தார்கள்.

"தள்ளிக்குங்க பெரியவரே, நாங்க தூக்குறோம்."

"வேணாம் தம்பி, நானே..."

அதற்குள் தூக்கி நிறுத்திவிட்டார்கள். நல்ல பிள்ளைகள்தான். ஆனால் அதில் ஒருவனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "இந்த வயசுல உங்களுக்கு எதுக்குங்க இவ்ளோ வெயிட்டு? ஒரு ஸ்கூட்டி வாங்கிக்கலாம்ல?" என்றான்.

"நீ வச்சிருக்கியே, அதுவே எனக்கு ஸ்கூட்டி மாதிரிதான் தெரியுது. போய் கேட்டப் பாரு, தொறக்கப் போறான்" என்றேன் நான்.

கேட்டும் திறந்துவிட்டது. இவர் கிக்கரை உதைத்தார். வண்டி இருமியது. இன்னொரு உதை. மறுபடி இருமல். பின்னால் லாரிக்காரர், பஸ்காரர், நண்டு சிண்டு எல்லாம் ஹாரன் அடிக்கிறார்கள். கடைசியில் அந்த வாய் பேசிய பையனே ஓடி வந்து ஒரு உதை விட்டான். டப் டப் டப் என்று உயிர் வந்துவிட்டது.

கீழே விழுந்ததைக்கூட இவர் தாங்கிக்கொண்டார். வேறொருவன் ஸ்டார்ட் பண்ணிக் கொடுத்த வண்டியில் ஏறி உட்கார்ந்ததைத்தான் தாங்க முடியவில்லை.

எங்கள் புல்லட்டைப் பற்றிப் புதிதாக நான் என்ன சொல்ல? இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு அது தெரிந்த ஆள். வாரா வாரம் என் கோணல் எழுத்தைப் பிழை பார்த்துப் போடுகிற பத்திரிகை ஆபீஸ் பிள்ளைகள்கூட, போன் செய்தால் முதலில் "புல்லட் எப்படி இருக்கும்மா?" என்றுதான் கேட்பார்கள். சம்பா அறுவடை முடிந்து வைக்கோலைப் போர் போட்டதும் நாங்கள் இருவரும் கிளம்பிவிடுவோம். கொடைக்கானல், கன்னியாகுமரி, ஒரு தடவை மைசூர் வரைக்கும். வலப்பக்கம் ஒரு தகரப் பெட்டி. அதில் மாற்றுத்துணியும் புளிச்சோறும். இடப்பக்கம் நான் கால் வைக்கிற பலகை. அவ்வளவுதான் எங்கள் டூர்.

விழுந்த சேதி திருச்சியில் இருக்கிற மகள் செல்விக்கு எப்படித்தான் போனதோ, விடிந்ததும் போன்.

"அப்பா, மொதல்ல அத வித்துட்டு ஒரு ஸ்கூட்டி வாங்குங்க. அம்மா, நீயாவது சொல்லு!"

இவர் சண்டை போடுவார் என்று பார்த்தேன். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "வித்துடலாமா புள்ள?" என்றார்.

எனக்கு வந்ததே கோபம்!

நீங்கள் எல்லோரும் நினைப்பீர்கள், கிழவருக்குத்தான் புல்லட்டை விட மனசு வராது என்று. இல்லை. விட மனசு வராதது எனக்கு.

காரணம் சொல்கிறேன். எங்கள் தெருவிலிருந்து பஸ் ஏறப் போக இரண்டு வழி. பெரிய தெரு நேர்வழி. வாய்க்கால் கரை சுற்றுவழி. அந்தக் காலத்தில் பெரிய தெருவில் போவதென்றால் எங்கள் ஆட்கள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். அதற்குச் சுற்றிப் போவதே மேல் என்று எங்கள் அம்மா ஆயுசுக்கும் வாய்க்கால் கரையிலேயே நடந்தாள். காலம் மாறிய பிறகும் அவளுக்குக் கால் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

புல்லட் வாங்கிய அன்று இவர் என்னை ஏற்றிக்கொண்டு பெரிய தெரு வழியாகப் போனார். செகண்ட் கியரில், நிதானமாக. டப்... டப்... டப்... ஒவ்வொரு கதவாகத் திறந்தது. நான் மடியில் கையை வைத்துக்கொண்டு கலெக்டர் மாதிரி உட்கார்ந்திருந்தேன். ஒருபக்கமாக உட்கார்ந்தால் இடப்பக்கத்து வீடுகளுக்குத்தான் முகம் தெரியும். அப்போ எதிர்ப்பக்கத்து வீடுகளுக்கு? திரும்பி வரும்போது தெரியும்! அதற்காகவே போன வழியிலேயே திரும்பி வந்தோம்.

அன்றிலிருந்து எங்கே போனாலும் பெரிய தெரு வழிதான். அந்தச் சத்தத்தோடுதான்.

ஸ்கூட்டிக்கு ஏது சத்தம்? தையல் மிஷின் ஓடுகிற மாதிரி ஒரு சத்தம். அதில் ஏறி உட்கார்ந்துகொண்டு நான் எந்தத் தெருவில் போவது?

"நீங்க வேணா ஸ்கூட்டி வாங்கிக்குங்க. நான் இனிமே எங்கயும் வரல" என்று சொல்லிவிட்டேன்.

"நீ வரலன்னா நான் மட்டும் எங்க போறது?"

"அது உங்க பாடு."

இவர் கொஞ்ச நேரம் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார். "என்னால தூக்க முடியல புள்ள. நீயும் பாத்தல்ல? அன்னிக்கு நீ அடியில மாட்டியிருந்தா... நான் எப்படித் தூக்கியிருப்பேன்?"

"மாட்டலையே!" என்றேன்.

வாய் சொன்னதே ஒழிய, அன்றைக்குச் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை. அடம் மட்டும் அப்படியே இருந்தது. சண்டையில் தோற்றுப் பழக்கமில்லாதவர்களுக்கு இது ஒரு கஷ்டம்...

நீடாமங்கலம் கடைவீதியில் ஜமால் பாய் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். சவூதியில் பல வருஷம் மெக்கானிக் வேலை பார்த்துவிட்டு வந்தவர். புல்லட்டுக்கு அவர் கைதான் பழக்கம். விழுந்ததில் வளைந்த ஹேண்டில்பாரை நிமிர்த்துவதற்காகப் போனோம். அதற்காக மட்டும்தான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இவர் முன்கூட்டியே பேசி வைத்திருக்கிறார் போல. அங்கே ஒரு ஸ்கூட்டி துடைத்து நிறுத்தியிருந்தது. கத்தரிப்பூ நிறம்!

"அக்கா, ஒரு வாரம் வச்சு ஓட்டிப் பாருங்க" என்றார் ஜமால் பாய். "புடிக்கலன்னா சாவியக் குடுத்துட்டு புல்லட்ட எடுத்துட்டுப் போங்க. அது எங்க போயிடப் போவுது?"

சரி, மரியாதைக்கு ஒரு தடவை ஏறுவோம் என்று, வழக்கம்போல ஒருபக்கமாக உட்கார்ந்தேன். இவர் கிளப்பினார். ஒர்க்‌ஷாப் வாசலிலிருந்து எதிர் டீக்கடை போவதற்குள் வண்டி குடித்தவன் மாதிரி ஆடியது. நான் "நிறுத்துங்க!" என்று போட்ட சத்தத்தில் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்.

ஜமால் பாய் ஓடி வந்தார். "அக்கா, இது சின்ன வண்டி. ஒருபக்கமா ஒக்காந்தா அண்ணனுக்கு இழுக்கும். ரெண்டு பக்கமும் காலப் போட்டு ஒக்காருங்க."

"அப்படி ஒக்கார நான் என்ன காலேஜ் பொண்ணா?"

"எங்க வீட்டுக்காரி பர்தாவோட அப்படித்தான் ஒக்காந்து வர்றா."

"அவ சின்ன வயசு."

"அவளுக்குப் பேரன் ஸ்கூலுக்குப் போறான்க்கா!"

நேரே ஒர்க்‌ஷாப்பில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டேன். ஜமால் பாய் டீ வாங்கி வந்து கொடுத்தார்.

"நான் மட்டும் ஒரு ரவுண்டு போயிட்டு வர்றேன்" என்று இவர் கிளம்பினார்.

டீயை ஊதிக்கொண்டே பார்த்தேன். அப்போதுதான் ஒன்று உறைத்தது. இவர் வண்டி ஓட்டுவதை நான் பார்த்ததே இல்லை! வயலுக்குப் போக இவருக்கு சைக்கிள். புல்லட்டை எடுத்தால் நான் இல்லாமல் எடுக்கமாட்டார். பின்னால் உட்கார்ந்திருக்கிறவளுக்கு ஒரு தோள் தெரியும், ஓடுகிற மரமும் வயலும் தெரியும். ஓட்டுகிற ஆள் எப்படித் தெரிவார்?

கடைவீதிக் கடைசி வரை போய் இவர் திரும்பி வந்தார். ஜமால் பாய் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

"ஏங்க்கா, அண்ணன் ஏன் இப்படிச் சாஞ்சு ஓட்டுறாரு? இடுப்பு வலியா?"

நானும் பார்த்தேன். ஆமாம். வலது தோள் இறங்கியிருந்தது. சீட்டின் நடுவில் உட்காராமல் வலப்பக்கமாக ஒதுங்கி உட்கார்ந்திருந்தார். பின்னால் யாரும் இல்லை. பாரமும் இல்லை. ஆனால் இடப்பக்கம் யாரோ இருப்பது போலவும், அந்த ஆளுக்கு ஈடுகொடுப்பது போலவும் சாய்ந்தபடியே வந்துகொண்டிருந்தார் மனுஷர்.

கையில் டீ கிளாஸ் அப்படியே நின்றுவிட்டது.

"இடுப்பு வலியெல்லாம் இல்ல பாய்" என்றேன். "அது நான்தான்."

இத்தனை வருஷமும் நான் சும்மா உட்கார்ந்து வந்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். கலெக்டர் மாதிரி! மலை ஏறினாலும் பெரிய தெருவில் போனாலும் என்னை நேராக வைத்திருப்பதற்காக ஒருவர் கோணலாக உட்கார்ந்திருக்கிறார். அது இவருக்கே தெரியுமா என்பது சந்தேகம். உங்கள் வீட்டிலும் உங்களுக்காக யாராவது ஒரு பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருக்கலாம். அவர்கள் பின்னால் இருந்து பார்த்தால் தெரியாது. கொஞ்சம் இறங்கி, தள்ளி நின்று பாருங்கள்.

இவர் வந்து வண்டியை நிறுத்தினார். "வண்டி நல்லாத்தான் இருக்கு. ஆனா நீ வேணாம்னா வேணாம். எறங்கிடுறேன்."

"எறங்க வேணாம். அப்படியே இருங்க."

எழுந்தேன். நடவு வயலில் இறங்கும்போது சேலையை எப்படி ஏற்றிச் செருகுவோமோ, அப்படிச் செருகினேன். அந்தக் கட்டு கைக்கு மறக்குமா என்ன? இவர் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டு உட்கார்ந்தேன். டீக்கடையில் இருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். பார்க்கட்டும். நான் என்ன களவாணித்தனமா செய்கிறேன்?

"மாஷா அல்லாஹ்!" என்றார் ஜமால் பாய்.

"பாய், புல்லட்ட வெயில்ல போடாதீங்க" என்றேன். அது ஓரமாக நின்றது. என் கால் தேய்த்துத் தேய்த்து வழவழப்பான அந்தப் பலகை மட்டும் வெயிலில் பளபளத்தது. திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் இறங்கிவிடுவேன்.

வண்டி இந்த முறை ஆடவில்லை. ஊருக்குள் வந்ததும் வாய்க்கால் கரை ஒரு பக்கம், பெரிய தெரு ஒரு பக்கம். இவர் என்னைக் கேட்கவே இல்லை. பெரிய தெருவுக்குள் திருப்பினார்.

தையல் மிஷின் சத்தம். ஒரு கதவு திறக்கவில்லை. ஒரு தலை எட்டிப் பார்க்கவில்லை. ரெண்டு பக்க வீடும் இப்போது எனக்கு ஒரே நேரத்தில் தெரிகிறது. ஆனால் யாருக்கு நான் தெரிகிறேன்?

என் முகம் சுருங்கியிருக்க வேண்டும். முன்னே பார்த்தால்... ஸ்கூட்டிக் கண்ணாடியில் இவர் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். புல்லட்டில் ஒருபக்கமாக உட்கார்ந்தபோது என் முகம் கண்ணாடியில் விழுந்ததே இல்லை.

ஹாரன் அடிப்பது மரியாதை இல்லை என்று சொல்கிற மனுஷர் இவர். மாட்டு வண்டிக்குப் பின்னால்கூடப் பொறுமையாகப் போவார். அன்றைக்கு ஹாரனில் கட்டைவிரலை வைத்தார். பீம்... பீம்... பீம்... தெரு முனை வரை விரலை எடுக்கவே இல்லை.

படபடவென்று கதவுகள் திறந்தன! முனை வீட்டு மருமகள் கையில் எவர்சில்வர் கிண்ணத்தோடு வாசலுக்கே ஓடி வந்துவிட்டாள்.

"ஐஸ் வண்டின்னு நெனச்சேன்... அட, நீங்களாக்கா! புல்லட்டு எங்கக்கா? போன சத்தம் இன்னும் திரும்பி வரக் காணோமேன்னு மாமியார்கூடக் கேட்டாங்க."

"ஜமால் பாய்கிட்ட ரெஸ்ட்ல இருக்கு" என்று சொல்லிவிட்டு, திரும்பி இவர் முதுகில் ஒரு குத்து விட்டேன். சிரித்ததில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிரிப்பில்தான்.

பாய் சொன்ன ஒரு வாரம் முடிந்துவிட்டது. சாவியை நாங்களும் கொடுக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை முத்துப்பேட்டை போய் அலையாத்திக் காட்டைப் பார்த்து, மீன் சாப்பிட்டு வந்தோம். கொடைக்கானல் இந்த வண்டியில் ஏறாதாம். ஏறாவிட்டால் போகட்டும், அதற்கு பஸ் இல்லையா?

ஒரே ஒரு விஷயம்தான் பாக்கி. நான் இப்போது நட்ட நடுவில், ரெண்டு பக்கமும் சமமாகத்தான் உட்காருகிறேன். இவர் மட்டும் இன்னும் வலப்பக்கம் சாய்ந்துதான் ஓட்டுகிறார். நேராக உட்காருங்கள் என்று நான் சொல்லவில்லை... சொல்லவும் மாட்டேன்!